சோரேத்தி சுவரில் பூசிய கோல்

என் ஓரகத்தி சோரேத்தியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இடி இடித்தால் தொழுவத்துக்குள் ஓடிப்போய்க் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொள்வாள். குதிரை கனைத்தால் கையிலிருக்கும் பால் குடுவையைக் கீழே போட்டுவிடுவாள். குதிரைக்குப் பேர்போன எங்கள் அர்சி மலைமேட்டில் பிறந்துவிட்டுக் குதிரைக்குப் பயப்படுகிற பெண்ணும் உண்டா என்று எங்கள் வீட்டு ஆண்கள் சிரிப்பார்கள். அவள் கணவர் பரீசோ, என் கணவருக்கு அண்ணன். அடிக்கிற கையில்லை, அதட்டுகிற வாயுமில்லை. அவர் இருமினாலும் இவள் ஒரு தரம் திடுக்கிட்டுத்தான் அடங்குவாள்.

"ஏன்க்கா இப்படி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரியலடி லோமி. எங்கம்மா வயித்துல இருக்கும்போது கழுதைப்புலி துரத்துச்சாம். அப்பவே உள்ள எறங்கிடுச்சு போல" என்றாள்.

அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் பெண்களுக்குக் கல்யாணத்தன்று அம்மா ஒரு கோல் கொடுப்பாள். ஹரோரேசா மரத்தில் வெட்டி, தோல் சீவி, வெண்ணெய் தடவி, நெருப்புக்கு மேல் வாட்டிக் கொடுப்பாள். சீங்கே என்று பெயர். ஆடு மாடு விரட்டுகிற கோல் இல்லை அது. யாரையும் அதனால் அடிக்கவும் கூடாது. ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்தால் அவள் அந்தக் கோலோடு வாசலுக்கு வந்து குலவையிடுவாள். கேட்ட பெண்கள் அடுப்பில் எது தீய்ந்தாலும், மாட்டின் மடியில் கன்று தொங்கினாலும், அப்படியே விட்டுவிட்டுத் தங்கள் கோலோடு ஓடிவர வேண்டும். கோல் பிடித்த பெண்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி எந்த ஆணும் காலெடுத்து வைக்கமாட்டான். தாண்டியவன் வீட்டில் மாடு தங்காது, பிள்ளை தங்காது.

நான் சொல்லும் வருஷத்தில் அரசாங்கம் மலைச்சரிவுகளில் சிதறிக் கிடந்த எங்கள் வீடுகளையெல்லாம் பிரித்து, ஒரே மைதானத்தில் வரிசையாகக் கட்டச் சொன்னது. கூரையை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆண்கள் நடந்தார்கள். பழைய வீட்டில் பக்கத்து வீடு என்றால் கூப்பிடு தூரம். புது இடத்தில் பக்கத்து வீட்டுக்காரன் கொட்டாவி விட்டால் எங்கள் வீட்டில் கேட்டது. ஜில்போ என்று அந்த இடத்துக்குப் பெயர் வைத்தார்கள். நடுவில் தகரக் கூரை போட்ட விவசாயிகள் சங்க அலுவலகம். வெள்ளிக்கிழமைதோறும் மாவட்டத்திலிருந்து ஜீப்பில் ஒருவர் வருவார். எல்லோரும் அவரைத் தோழர் என்று கூப்பிட வேண்டும். இளைஞர். சிரித்துத்தான் பேசுவார். ஆனால் அவர் பையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் பேர் ஏறியவர்கள் ஜீப்பில் ஏறினார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை.

வந்த மூன்றாம் வெள்ளிக்கிழமை பெண்களை மட்டும் கூட்டினார்.

"தாய்மார்களே, இன்னும் எத்தனை காலம் குச்சியக் கும்பிட்டுட்டு இருப்பீங்க? உங்களுக்குப் பெண்கள் சங்கம் இருக்கு, சட்டம் இருக்கு. இனிமே குலவை போட்டுக் கூட்டம் கூடினா அது கலகம். அடுத்த வாரம் எல்லாக் கோலும் இங்க வரணும்" என்றார்.

கோல்களை வாங்கி எரிக்கும் வேலை தகபோவுக்கு. தகபோ எங்கள் ஆள்தான். எங்கள் குளத்தில் குளித்து வளர்ந்தவன். சங்கத்துக் காவல்படையில் சேர்ந்து ஒரு துப்பாக்கி கிடைத்த பிறகு கண் மேலே போய்விட்டது. எல்லோருக்கும் முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்று தன் மனைவி ஷாஷுவின் கோலைத்தான் அவன் முதலில் நெருப்பில் போட்டான். ஷாஷு அப்போது நாலு மாத கர்ப்பம். வயிற்றைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் என் கோலைப் போட்டேன். மறைக்காமல் சொல்கிறேன். என் அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் கையால் செய்து கொடுத்ததில் என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஆனாலும் போட்டேன். என் கணவர் பேர் நோட்டுப் புத்தகத்தில் ஏறக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. வெண்ணெய் ஊறிய கோல் என்பதால் பட்டென்று பிடித்துக்கொண்டது. எனக்குப் பின்னால் சோரேத்தி வந்தாள். கை நடுங்க ஒரு கோலை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். அவள் நடுங்கினால் யார் கவனிக்கப்போகிறார்கள்? எப்போதும் நடுங்குகிறவள்.

அதற்குப் பிறகு அவள் போக்கு மாறியது. வீட்டில் ஒரு குறிப்பிட்ட பக்கத்துச் சுவரோரம் யாரையும் உட்காரவிடமாட்டாள். பிள்ளைகள் சாய்ந்தால், "எந்திரி, மண்ணு ஒட்டும்" என்பாள். அந்தச் சுவரை வாரம் ஒரு தரம் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசினாள். ஜீப் சத்தம் தூரத்தில் கேட்டதும் வெளியே வந்து, அடுப்புச் சாம்பலை எடுத்துக்கொண்டு எங்கோ நடப்பாள். சாம்பல் இல்லாத நாளிலும் வெறும் முறத்தை எடுத்துக்கொண்டு நடப்பாள். உடம்பு இளைத்துக் கன்னம் ஒட்டிப்போனது.

எல்லாவற்றையும்விடத் தன் மகள் நூரியாவைக் கண்டுதான் அவள் அதிகம் பயந்தாள். நூரியாவுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம், உங்கள் வீட்டில் என்ன பேசினார்கள், யார் வந்தார்கள் என்று வாத்தியார் கேட்பார். நன்றாகப் பதில் சொல்லும் பிள்ளைக்குச் சிவப்புத் துணியைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். நூரியா கெட்டிக்காரி. ஒரு நாள் சிவப்புத் துணியோடு வந்து நின்றாள்.

சோரேத்தியின் முகத்தில் ரத்தம் இல்லை. "என்னடி சொன்ன? வாத்தியார்ட்ட என்ன சொன்ன?"

"வாய்ப்பாடு சொன்னேன்மா. ஒன்பதாம் வாய்ப்பாடு."

"வேற?"

"வேற என்ன? ஒன்பதாம் வாய்ப்பாடுதான் கஷ்டம்."

சோரேத்தி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மகளின் தலைக்கு மேலே அவள் கண்கள் அந்தச் சுவரைப் பார்த்தன. நானும் பார்த்தேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை. பரீசோ அத்தான் அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டில் இருக்கிற ஆட்களோடு ஏதோ தொடர்பு வைத்திருக்கிறார், சுவரில் காகிதம் ஒளித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மழைக்காலம் வந்தது. அந்த வருஷம் பேய் மழை. ஒரு காலையில் நெருப்பு வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். சாரலில் ஊறி அந்தச் சுவரில் ஒரு பாளம் மண் பெயர்ந்து விழுந்திருந்தது. நட்டிருந்த கழிகளுக்கு நடுவே மெல்லிசாக, சிவப்பாக, வழவழவென்று ஒரு கோல். வெண்ணெய் குடித்த மரத்தை மறைக்கவே முடியாது. அது எரிந்துபோன என் கோலுக்கு உடன்பிறந்ததுபோல இருந்தது.

சோரேத்தி என் காலில் விழுந்துவிட்டாள். எனக்கு மூத்தவள், என் காலில்.

"லோமி, சொல்லிடாதடி. உன் பிள்ளைங்க மேல கேக்குறேன். சொல்லிடாத."

"அப்ப நெருப்புல போட்டது?"

"தயிர் கடையுற மத்தோட காம்பு."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவளுக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற கோபம். அதோடு பயம். "எடுத்துப் போட்டு எரிச்சிடுக்கா. இந்த அடுப்புலயே எரிச்சிடு. கண்டுபிடிச்சா நம்ம ரெண்டு வீட்டையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றேன்.

"ரெண்டு தரம் எடுத்து அடுப்புக்கிட்ட போயிட்டேன். கை வரல. பயமாத்தான் இருக்கு. ஆனா எரிக்கிறது அதைவிடப் பயமா இருக்கு" என்றாள்.

அவளோடு சேர்ந்து மண் குழைத்து நானே பூசிவிட்டேன். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் புரிந்தது, இனி எனக்கும் இதில் பங்கு உண்டு. தெரிந்துவைத்திருப்பதும் குற்றம்தான். படுத்தால் அந்தச் சுவர் கண்ணுக்குள் வந்து நின்றது. மழை அடிக்கும்போதெல்லாம் மண் பெயர்கிற சத்தம் கேட்பதுபோல இருக்கும்.

நான்காவது நாள் நான் ஒரு காரியம் செய்தேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு நடந்தேன். சங்கத் தலைவர் ஹம்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, என் வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று போனேன். மனம் மாறித் திரும்பி வந்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அலுவலகம் பூட்டியிருந்தது. ஹம்தா ஒரு சாவுக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரம் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மழை வரவே திரும்பினேன். அதற்குப் பிறகு போகத் தைரியம் வரவில்லை.

மழை ஓய்கிற சமயத்தில் ஷாஷுவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவள் நெற்றியில் ஒரு சின்ன மரத்துண்டைக் கட்டியிருப்பாள். அது நெற்றியில் இருக்கும்வரை அவளைக் கடிந்து பேசவும் கூடாது, கைநீட்டவும் கூடாது. கட்டிய கணவன் ஆனாலும் சரி. நாங்கள் பார்லிக் களி கிண்டி, நடுவில் குழி பறித்து வெண்ணெய் ஊற்றி, அவள் வீட்டில் கூடிச் சாப்பிட்டோம். கூட்டம் கூடியதாகிவிடுமே என்ற பயத்தில் நான்கு நான்கு பேராகப் போனோம். குலவையைச் சத்தமில்லாமல் உதட்டுக்குள்ளேயே போட்டோம். ஷாஷு அதைப் பார்த்துச் சிரித்தாள். "ஏன் எல்லாரும் மீன் மாதிரி வாயத் தொறக்குறீங்க?" என்றாள்.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள், காலை வெயில் ஏறிய நேரம், நான் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தேன். தகபோவின் வீட்டிலிருந்து சத்தம் வந்தது. முதலில் பாத்திரம் உருளுகிற சத்தம். பிறகு அவன் கத்துகிறான். பிறகு அடி. எங்கள் புது ஊரில் எதையும் கேட்காமல் இருக்க முடியாது என்றேனே. ஒவ்வொரு அடியும் கேட்டது. குழந்தை வீறிட்டது. தோழர் வருகிற நாளுக்கு அவன் உடுப்பைத் துவைத்து வைக்கவில்லையாம். அவ்வளவுதான் விஷயம்.

ஷாஷு வாசலுக்கு ஓடிவந்தாள். நெற்றிக்கட்டு அவிழ்ந்து கன்னத்தில் தொங்கியது. புருவத்தில் ரத்தம். கோல் பிடிக்கவேண்டிய கை வெறுமையாக இருந்தது. அந்த வெறும் கையை மேலே தூக்கி அவள் குலவையிட்டாள். உதட்டுக்குள் இல்லை. மலை முழுக்கக் கேட்கிறமாதிரி.

ஒருத்தியும் வெளியே வரவில்லை.

அந்த நேரத்தை என்னால் எப்படிச் சொல்ல? நாற்பது வீடு. நாற்பது வீட்டிலும் பெண்கள் இருந்தார்கள். மாவு அரைக்கிற கல் நின்றது. உலக்கை நின்றது. எல்லோருக்கும் கேட்டிருக்கிறது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்கிறார்கள். கொட்டை கருகிப் புகைந்தது. நான் கரண்டியைக்கூட அசைக்கவில்லை. ஷாஷு இரண்டாம் தரம் குலவையிட்டாள். பாதியில் குரல் உடைந்து அழுகையாகப் போனது.

அப்போது பக்கத்து வீட்டில் தொம் என்று ஒரு சத்தம். மறுபடி தொம். மண் பொலபொலவென்று உதிர்கிற சத்தம். "வேணாம், அக்கா, வேணாம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே ஓடினேன்.

சோரேத்தி தன் வீட்டிலிருந்து வந்தாள். தலை, முகம், மார்பு எல்லாம் மண். ஒரு கையில் மண்வெட்டி. அதைக் கீழே போட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. இன்னொரு கையில் சீங்கே. பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. குலவையிட வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. மறுபடி திறந்தாள். ஆட்டுக்குட்டி கத்துவதுபோல ஒன்று வந்தது.

"லோமி, கால் நகரலடி. பின்னாலேர்ந்து தள்ளு" என்றாள்.

கடவுள் சாட்சியாக, நான் அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். அப்படித்தான் அவள் முதல் அடி வைத்தாள்.

பத்து அடி போயிருப்போம். எதிர் வரிசையில் ஹல்கோ என்கிற விதவை கூரையின் வைக்கோலுக்குள் கையை விட்டு ஒரு கோலை உருவினாள். ஊரிலேயே பெரிய வாய் அவளுக்கு. தோழர் முன்னால் முதல் ஆளாகப் போய், "இந்தச் சனியன் ஒழியட்டும்" என்று கோலை நெருப்பில் வீசியவள் அவள்தான். சோரேத்தியும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றுவிட்டார்கள்.

"என்னடி பாக்குற? நீ மட்டும்தான் புத்திசாலின்னு நெனச்சியா? நான் போட்டது என் ஆட்டை விரட்டுற குச்சி" என்றாள் ஹல்கோ.

அதற்குப் பிறகு கதவுகள் திறந்தன. ஒருத்தி தானியக் குதிருக்குள்ளிருந்து எடுத்துவந்தாள், உமியோடு. ஒருத்தி படுக்கைக் கழியோடு சேர்த்துக் கட்டியிருந்ததை அறுத்து எடுத்தாள். ஹம்தாவின் மனைவி சேணப் பைக்குள்ளிருந்து எடுத்தாள். சங்கத் தலைவரின் மனைவி! அத்தனை மாதமும் ஒவ்வொருத்தியும் தான் ஒருத்தி மட்டும்தான் ஏமாற்றிவிட்டோம் என்று எண்ணி, அடுத்தவளைக் கண்டு பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நிஜக் கோலை எரித்தவர்கள் எங்களில் ஏழெட்டுப் பேர்தான் தேறினோம். நாங்கள் குனிந்து பச்சைப் புல்லைப் பறித்துக் கையில் பிடித்துக்கொண்டோம். வெறும் கையோடு போகக்கூடாது. நான் அழுதுகொண்டே புல் பறித்தேன். வெட்கத்தில்.

தகபோ துப்பாக்கியோடு வாசலில் நின்றான். நாங்கள் வளைத்து நின்றோம். சோரேத்தி அவன் வாசலுக்கு நேரே வந்துவிட்டாள். பின்னாலிருந்தவர்கள் நெருக்கியதில் அவள்தான் முன்னால் வந்துசேர்ந்தாள்.

"எல்லாரும் கலைஞ்சு போங்க. இது கலகம். சுட்டுடுவேன்" என்றான்.

"சுடுடா. மொதல்ல யாரைச் சுடுவ? உனக்குப் பால் குடுத்தவளையா, தொப்புள்கொடி அறுத்தவளையா? ரெண்டு பேரும் இங்கதான் நிக்கிறாங்க" என்றாள் ஹல்கோ. "உடுப்பு தொவைக்கலைன்னா அடிச்ச? கொண்டாடா, நாங்க தொவைக்கிறோம். உள்ள நீ இருக்கும்போதே தொவைக்கிறோம்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவனுக்கு எரிச்சல் மூட்டியது. துப்பாக்கியைத் தூக்கி நேராகச் சோரேத்தியின் நெஞ்சுக்கு வைத்தான். சிரிப்பு நின்றது.

"அண்ணி, நீங்க நல்லவங்க. போயிடுங்க. உங்களுக்கு எதுக்கு இது?" என்றான். அவன் குரலும் சரியாக இல்லை.

சோரேத்தியின் கால்களுக்கிடையே நனைந்து மண்ணில் ஈரம் பரவியது. நான் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. அவள் நகரவில்லை. மெதுவாகக் குனிந்து, கோலை அவன் வாசற்படிக்குக் குறுக்கே வைத்தாள். நிமிர்ந்தபோது அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் துப்பாக்கியின் துளையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"தம்பி, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. சுடுறதுன்னா சீக்கிரம் சுட்டுடு. இல்லன்னா இதைத் தாண்டி வந்து என்னைத் தள்ளிட்டுப் போ. ரெண்டுல ஒண்ணு பண்ணு. என்னால ரொம்ப நேரம் நிக்க முடியாது."

தகபோ அந்தக் கோலைப் பார்த்தான். மெல்லிய கோல். ஒரு குழந்தைகூடத் தாண்டிவிடலாம். அவன் ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு பின்னால் வைத்தான். உள்ளே போய்க் கதவை இழுத்துக்கொண்டான்.

நாங்கள் வாசலில் உட்கார்ந்தோம். பொழுது சாயும்வரை உட்கார்ந்தோம். ஷாஷுவையும் குழந்தையையும் நடுவில் வைத்துக்கொண்டு, அவன் செய்த காரியத்தைப் பாட்டாகக் கட்டிப் பாடினோம். ஹம்தா வந்தார். தன் மனைவியைக் கோலோடு பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "அவன் தப்பை ஒத்துக்கறான். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக்குங்கம்மா. ஜீப் வரும்" என்று கெஞ்சினார். பெரியவர்கள் புல்லைக் கையில் ஏந்தி அவனுக்காக மன்னிப்புக் கேட்டார்கள். மறுநாள் தகபோ தன் காளையை எங்கள் முன்னால் அறுத்தான். ஷாஷுவின் காலருகே உட்கார்ந்து பேசினான். அவள் அவன் தலையில் கைவைக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளைப்போல ஒரு பயத்தை நான் என் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. கோல்களெல்லாம் போன இடத்துக்கே திரும்பிப்போய்விட்டன. யாரும் யாரோடும் பேசவில்லை. சோரேத்தியின் சுவரில் மட்டும் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. நானும் அவளும் பூசிப் பூசிப் பார்த்தோம். ஈர மண் காயவே இல்லை. புதுப் பூச்சு கருப்பாக, காயம் மாதிரி தெரிந்தது.

ஜீப் வந்தது. யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. தகபோவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் இல்லை. ஆனால் அலுவலகப் பூட்டு வரைக்கும் நடந்தவள் நான். அதனால் யாரையும் சந்தேகப்பட எனக்கு வாய் வந்ததில்லை. தோழர் சிரித்த முகத்தோடு ஈரச் சுவரைத் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாரு வீடு இது?" என்றார்.

சோரேத்தியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சுவரைப் பெயர்த்துக் கோலையும் எடுத்துப் போனார்கள். பெண்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றோம். ஹல்கோகூட வாயைத் திறக்கவில்லை. நான் நூரியாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கழுத்திலிருந்த சிவப்புத் துணியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். ஜீப்பில் ஏறும்போது சோரேத்தி என்னைப் பார்த்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஐந்து மாதம் கழித்து அவளை விட்டார்கள். இடது காது கேட்காமல் போயிருந்தது. என்ன நடந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, பரீசோ அத்தானிடம்கூட. வந்த முதல் வாரத்தில் ஒரு நாள், நானும் அவளும் பார்லி புடைத்துக்கொண்டிருந்தோம். என்னால் தாங்க முடியவில்லை. அலுவலகத்துக்குப் போனதைச் சொல்லிவிட்டேன். பூட்டியிருந்ததையும் சொன்னேன்.

அவள் முறத்தை நிறுத்தவில்லை. "தெரியும்டி. நீ சால்வையப் போத்திட்டுப் போறத வாசல்லேர்ந்து பாத்தேன். அன்னிக்குப் பூரா கதவுக்கிட்டயே உக்காந்திருந்தேன், வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு."

"அப்புறம் ஏன்க்கா கோலை இடம் மாத்தல?"

"எந்திரிக்கத் தெம்பு இல்ல" என்றாள்.



சில வருஷங்களில் அந்த அரசாங்கம் போயிற்று. ஜில்போவை விட்டுப் பழைய சரிவுகளுக்குத் திரும்பினோம். தோழரைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. நூரியாவுக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம் நிச்சயமானது. பையன் மலைக்கு அந்தப் பக்கம். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு ஒரு மாதம் முன்பு சோரேத்தி தனியாகக் காட்டுக்குப் போய் ஹரோரேசா மரத்தில் ஒரு கிளை வெட்டினாள். அதைச் சோளத்தட்டைக் கட்டுக்குள் வைத்து மூடி, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

நூரியாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும். "அம்மா, இப்ப யாரு கேக்கப்போறா? சந்தையிலயே தூக்கிட்டுத் திரியுறாங்க. ரேடியோவுலகூட இதப் பத்திப் பெருமையா சொல்றாங்க."

"சொல்லட்டும். நீ கதவைச் சாத்து" என்றாள் சோரேத்தி.

கதவைச் சாத்திக்கொண்டுதான் சீவினாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் வெண்ணெய் தடவினாள். புகை வெளியே போய் வாசம் தெரிந்துவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாக வாட்டினாள். நூரியா பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் அடி, எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சோரேத்தி நல்ல காதை அவள் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றுக்கும் மெல்லிய குரலில் பதில் சொன்னாள்.

கல்யாணத்தன்று ஐம்பது குதிரைகள் வந்தன. ஆண்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். முதல் வெடிக்கே சோரேத்தியைக் காணோம். தேடினால் தொழுவத்துக்குள் ஒரு கன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். எல்லோர் முன்னாலும் கோலை மகள் கையில் கொடுத்தாள். நூரியா அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, குதிரைமேல் ஏறி உட்கார்ந்து, மலைப்பாதையில் போனாள். வெகுதூரம் வரை கோலின் நுனி தெரிந்துகொண்டே இருந்தது.

அவர்கள் மறைந்த பிறகும் சோரேத்தி அங்கேயே நின்றாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் என்னக்கா பயம்? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே" என்றேன்.

"அவளைப் பாத்தியாடி? எவ்வளவு ஒசரமாப் பிடிச்சுட்டுப் போறா. யார் வேணும்னாலும் பாக்கலாம்" என்றாள். பிறகு, "நான் அப்படிப் பிடிச்சதே இல்ல" என்றாள்.

உள்ளே விருந்தாளிகள் காப்பிக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் போனோம்.